முதலில் குடித்த வயது

சேசு மரி சூசை துணை

சந்தியாகுபட்டி,
18.1.1999

அன்புத் தம்பி பிலவேந்திரனுக்கு,

அக்கா மதலேனாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. உன் உடம்பு எப்படி? அந்த இல்லத்தில் சோறு நேரத்துக்குப் போடுகிறார்களா? நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தில் கையெழுத்து நேராக இருந்தது. முன்பெல்லாம் உன் எழுத்து கோழி கிளறிப் போட்ட மாதிரி இருக்கும். இதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து போனது.

இனி எழுதப் போவது நல்ல சேதி இல்லை. உன் மகன் ஜோ போன வியாழக்கிழமை கம்பம்மெட்டு இறக்கத்தில் ஜீப்பைக் கொண்டுபோய்த் தடுப்புச் சுவரில் மோதிவிட்டான். ஏலத்தோட்ட வேலை முடிந்து திரும்பிய பெண்கள் பதினோரு பேர் வண்டியில் இருந்தார்கள். அன்னத்தாய்க்குக் கை முறிந்துவிட்டது. அந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் பதினோரு வீட்டில் எழவு விழுந்திருக்கும். காலையிலேயே அவன்மேல் வாடை அடித்ததாம். வண்டியில் ஏறியவர்களே சொல்கிறார்கள்.

அவன் பெண்சாதி இவாஞ்சலினுக்கு இது ஐந்தாம் மாதம். அந்தப் பிள்ளை அழுவதற்குக்கூட என் வீட்டுக்குத்தான் வருகிறாள். ஜோ கோவில் படியை மிதிப்பதே இல்லை. கல்யாணத்தையே மலைமேல் ஒரு சின்னக் கோவிலில், "பூசை வேணாம், மந்திரிப்பு மட்டும் போதும்" என்று பிடிவாதம் பிடித்து முடித்தவன்தானே? ஊர் வாயை நான் மூட முடியுமா? "பன்னெண்டு வயசுல பூசைத் திராட்ச ரசத்தத் திருடிக் குடிச்ச பய, இப்பக் குடிக்காம இருப்பானா?" என்று என் காதுபடவே பேசுகிறார்கள்.

அவன் அம்மா சுகிர்தம் செத்த பிறகு அவனை வளர்த்தவள் நான். ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவளும் நான். என் பேச்சு இப்போது எடுபடவில்லை. நீ ஐந்து வருஷமாக ஒரு சொட்டுத் தொடாதவன். பெற்ற தகப்பன். நீ ஒரு கடிதம் எழுது. நீ சொன்னால் கேட்பான்.

உனக்காகத் தினமும் ஒரு செபமாலை சொல்லும்
அக்கா மதலேனாள்

*

எம்மாவு இல்லம், திண்டுக்கல்,
2.2.1999

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் தோத்திரம். நான் சுகம். முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய். அன்னத்தாயின் கை கூடிவருகிறதா? போய்ப் பார்த்துவிட்டு எழுது.

என் வேலையைக் கேட்டிருந்தாய், இல்லை, கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இங்கே பதிவேடு எழுதுவது நான்தான். குடியை நிறுத்தப் புதிதாக வருகிறவனை உட்காரவைத்துப் படிவம் நிரப்ப வேண்டும். பேர், ஊர், முதலில் குடித்த வயது, குடும்பத்தில் வேறு யாருக்கும் பழக்கம் உண்டா, அழைத்து வந்தவர் யார். முதலில் குடித்த வயதைக் கேட்டால் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். ஒருவன் நேற்று "ஒம்பது மாசம்" என்றான். பல் முளைக்கும்போது அவன் அம்மா பிராந்தி தடவிவிட்டாளாம். அப்படியே எழுதிக்கொண்டேன். சொல்கிறதை எழுதுவதுதான் என் வேலை.

இங்கே தோட்டத்தில் கத்தரி நன்றாகக் காய்க்கிறது. சிஸ்டர்மார் என்னை நல்லபடியாக வைத்திருக்கிறார்கள். தினமும் பூசை, தினமும் நாக்கில் நன்மை அப்பம்.

ஜோவுக்கு எழுதுகிறேன். கொஞ்சம் பொறு. இன்னொன்று, அந்தப் பழைய ரசக் கதையை யாராவது எடுத்தால் நீ கேட்டுக்கொண்டு நிற்காதே. சின்னப் பிள்ளையில் நடந்தது. அதை இப்போது பேசி என்ன ஆகப் போகிறது?

உன் செபத்தில் என்னை மறக்காதே.

தம்பி பிலவேந்திரன்

*

சந்தியாகுபட்டி,
24.2.1999

தம்பி பிலவேந்திரனுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று அறிந்து சந்தோஷம். கத்தரிக்காய் காய்க்கிறது என்று அறிந்தும் சந்தோஷம். மகனுக்கு எழுதினாயா என்பதைத்தான் அறிய முடியவில்லை. தபால்காரரைத் தினமும் நிறுத்திக் கேட்கிறேன். ஜோ பேருக்கு ஒரு கார்டுகூட வரவில்லை என்கிறார்.

இவாஞ்சலின் உத்தமபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "இவுக குடிய விட்டாத்தான் வருவேன் அத்த. எம் பிள்ளைக்கு இவுக நிலம வந்துரக் கூடாது" என்றாள். அவள் கையைப் பிடித்து நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

பழைய கதையை எடுக்காதே என்கிறாய். ஏன் எடுக்கக் கூடாது? மணியடித்து மெழுகுதிரி ஏற்றுகிற கோவில்பிள்ளையின் மகன், பீடத்தில் பூசைக்கு உதவி செய்த பிள்ளை, பூசைச் சாமான் வைக்கும் சக்கிறீஸ்துக்குள் நுழைந்து ரசத்தை எடுத்துக் குடித்தானென்றால் அப்போதே ஆரம்பித்துவிட்டது. இன்னும் நாலு அடி சேர்த்துக் கொடுத்திருந்தால் திருந்தியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். புளியங்குச்சி ஒடிந்துவிட்டது, அதனால் விட்டேன்.

நீ எழுதாவிட்டால் நானே திண்டுக்கல்லுக்கு வந்து உன் எதிரே உட்கார்ந்து எழுதவைப்பேன்.

கோபத்தோடும் பாசத்தோடும்
மதலேனாள்

*

எம்மாவு இல்லம்,
20.3.1999

அக்கா,

உடம்புக்குக் குறைவில்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது தவக்காலம். இனியும் எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

ரசத்தைக் குடித்தது ஜோ இல்லை. நான்.

1987 ஜூலை. சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. அப்போதிருந்த பெரிய சாமியார் ரசக்குப்பியின் சீட்டில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. பிராந்திக் கடைக்குப் போகக் கை காலியாக இருந்த நாட்களில் சக்கிறீஸ்துக்குள் போய் ஒரு வாய், இரண்டு வாய். குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஊற்றவில்லை, அக்கா. தண்ணீர் கூடினால் பூசை செல்லாமல் போகும், ஊர்ச் சனம் முழுக்கச் செல்லாத பூசை கண்ட பாவம் என் தலையில் விழும் என்று பயம். அந்த அளவுக்கு எனக்குத் தெய்வ பயம் இருந்தது. பெற்ற பிள்ளை விஷயத்தில் அந்தப் பயம் வரவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், சாமியார் கோட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "குப்பியில ஊத்துறது ஒம் மகன்தான?" என்று கேட்டார். நான், "பய விளையாட்டுப் புத்தி சாமி" என்றேன். அந்த ஒரு வரிதான். அதற்குள் உன் காதுக்கு வந்து நீ அவனை அடித்தாய். பிறகு கோவில் கிணற்றடிக்கு அவனைக் கூட்டிப் போனேன். "ஏலே, நாந்தான் குடிச்சேன்னு பாவசங்கீர்த்தனத்துல சொல்லிரு. நீ சின்னப்பய, சாமி மன்னிச்சிருவாக. எம் பேரு வந்தா கோவில் வேலையும் போயிரும், குடியிருக்கிற வீடும் போயிரும்ல" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு தலையாட்டினான். போய்ச் சொன்னான். மறுநாள் பெரிய பூசை முழுக்கக் கிராதியண்டை முழங்காலில் நின்றான். நான் அவனைத் தாண்டித்தான் மெழுகுதிரி ஏற்றப் போனேன்.

இங்கே சேர்ந்த வருஷம், 94-ல், எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார், "மகனிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். "சொல்கிறேன் சாமி" என்றேன். மன்னித்தார். ஒரு செபமாலை அபராதம். சொல்லி முடித்து வெளியே வந்து டீ குடித்தேன். அவ்வளவு லேசாக இருந்தது.

குடித்துவிட்டுச் செய்ததற்குக் குடியைக் காரணம் சொல்லலாம். தெளிந்த பிறகு ஐந்து வருஷம் வாயை மூடி இருந்ததற்கு எதைச் சொல்ல?

இதைப் படித்த பிறகும் என்னைத் தம்பி என்று கூப்பிடுவாயா என்று தெரியவில்லை.

பிலவேந்திரன்

*

சந்தியாகுபட்டி,
16.5.1999

பிலவேந்திரனுக்கு,

நான் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுத இரண்டு மாதம் கை வரவில்லை. உன் கடிதம் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருந்தது.

இவாஞ்சலினுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். நெற்றி அப்படியே சுகிர்தம்தான். ஜோ போய்ப் பார்த்தான். வாசலில் நின்று பார்த்துவிட்டு, தூக்காமலே வந்துவிட்டான்.

ஞானஸ்நானத்துக்குப் பேச்சு எடுத்தேன். தகப்பன் வந்து தொட்டியண்டை நின்றால்தான் என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்கிறாள் அவள். "நா அங்கன வரமாட்டேன், என்னக் கேக்காதீக" என்கிறான் இவன். நடுவில் பச்சைப் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் கிடக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். முதலில் அவனுக்கு எழுது. அப்புறம் ஊருக்குச் சொல். அந்தப் பேர் அவனுக்கு ஊர் நடுவே வந்தது. ஊர் நடுவேதான் போக வேண்டும். திருவிழா ஜூலை இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. வா.

மதலேனாள்

*

எம்மாவு இல்லம்,
8.6.1999

அன்புள்ள மகன் ஜோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் சுகத்தை விசாரிக்கிற யோக்கியதை எனக்கில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். நீ, இவாஞ்சலின், குழந்தை மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும்.

கிணற்றடியில் நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும். பன்னிரண்டு வயதில் உனக்குத் திருடன் என்றும் குடிகாரன் என்றும் பேர் வாங்கிக் கொடுத்தவன் நான். அதை நான் 94-லேயே இங்கே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. இப்போது அத்தைக்கு எழுதிவிட்டேன். திருவிழா அன்று ஊருக்கும் சொல்லப் போகிறேன்.

என்னை மன்னி என்று எழுத வந்தேன். அதைக் கேட்பதுகூட உன்னிடம் இன்னொரு வேலை வாங்குகிற மாதிரி தெரிகிறது. அதனால் கேட்கவில்லை. நீ குடிப்பதைப் பற்றியும் புத்தி சொல்ல மாட்டேன்.

பதில் எழுதாவிட்டாலும் சரி. வண்டி ஓட்டுகிற நாளில் மட்டுமாவது தொடாதே, மகனே. அன்னத்தாயின் கையை நினைத்துக்கொள்.

அப்பா

*

எம்மாவு இல்லம்,
12.7.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஊரில் கொடியேற்றத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். முழங்காலோடு நீ பந்தல் வேலைக்கெல்லாம் போகாதே.

ஜோவிடமிருந்து பதில் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆனாலும் தபால் வரும் நேரத்தில் வாசலைப் பெருக்குகிறேன்.

திருவிழாவுக்கு வருகிறேன். சிஸ்டரிடம் இரண்டு நாள் கேட்டு வாங்கிவிட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி இத்தோடு அனுப்புகிறேன். நான் பேச வரும்போது நாக்கு ஒட்டிக்கொண்டால் நீ எடுத்துக் கொடு. ஒருவேளை பஸ் தாமதமானால் நீயே வாசித்துவிடு.

தம்பி

*

சந்தியாகுபட்டி,
28.7.1999

பிலவேந்திரனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன். பஸ் மூன்று நாளாகவா தாமதம்?

உன் தாளை நானே வாசித்தேன். பூசை ஆரம்பிக்கும் முன்பே புதுச் சாமியாரிடம் காட்டினேன். சின்ன வயதுக்காரர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நன்மை முடிஞ்சதும் மைக்குல வாசிங்கம்மா" என்றார். நீ வருவாய் வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்மை கொடுத்து முடிந்தது. எழுந்தேன்.

பாதிப் பேர் சப்பரத்துக்குப் பூக்கட்ட வெளியே போய்விட்டார்கள். மீதிப் பேர் அறிவிப்பு என்று நினைத்துப் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பாவத்தைச் செய்தது கோவில்பிள்ளை பிலவேந்திரனாகிய நான்" என்ற இடம் வந்ததும் செருப்புச் சத்தம் நின்றது. ஒரு கிழவர் மட்டும், "இப்ப எதுக்குத்தா இத?" என்றார். ஒருத்தி அழுதாள். அன்றைக்கு ஜோவைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

வாசித்து முடித்துவிட்டு உன் தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். உனக்கும் இதுவரை சொல்லாதது. அந்த வாரம் உன் துண்டைத் துவைத்தது நான். பிராந்தி வாடை எனக்குத் தெரியும், சாராய வாடையும் தெரியும். அந்தத் துண்டில் இருந்தது இரண்டும் இல்லை. பழம் புளித்த மாதிரி, இனிப்பு வாடை. கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டேன். அதற்கு மறுநாள்தான் பிள்ளையை அடித்தேன். "நா குடிக்கல அத்த" என்று சொன்ன வாயிலேயே அடித்தேன். அதை மைக்கில் சொன்னேன். சாமியார் நாற்காலி போட்டார்.

உன்னை ஊருக்குச் சொல்லச் சொன்ன போன கடிதத்தில் இதையும் எழுதியிருக்க வேண்டும். உன்னைச் சொல்லவைப்பது சுலபமாக இருந்தது.

ஜோ கோவிலுக்குள் வரவில்லை. ஆனால் ஒலிபெருக்கியை ரோட்டைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். ஜீப்பில் உட்கார்ந்திருந்தானாம். அவனோடு வண்டி ஓட்டும் கர்ணன் சொன்னான். எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டானாம். முடிந்த பிறகும் சவாரி ஏற்றாமல் அப்படியே இருந்தானாம்.

நீ ஏன் வரவில்லை?

அக்கா

*

எம்மாவு இல்லம்,
10.8.1999

அக்கா,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

வந்தேன். சின்னமனூர் வரைக்கும் வந்தேன். பஸ் மாற இறங்கினேன். எதிரே பிராந்திக் கடை. ஐந்து வருஷமாக இல்லாத தாகம் தொண்டையில் வந்து நின்றது. ஊர்ச் சனத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு வாய் ஊற்றிக்கொண்டால் தைரியம் வரும் என்று தோன்றியது. இரண்டு படி ஏறிவிட்டேன். உள்ளேயிருந்து ஒருவன் இடித்துக்கொண்டு வெளியே வந்தான். அந்த இடியில் கீழே இறங்கினேன். ஊர்ப் பஸ்ஸில் ஏறவில்லை. திண்டுக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். குடிக்கவில்லை. அது ஒன்றுதான் சொல்லிக்கொள்ள இருக்கிறது.

என் பாவத்தை இந்தத் தடவையும் வேறொருவர் வாயால்தான் சொல்லவைத்தேன். முன்பு மகன் வாய், இப்போது உன் வாய்.

துண்டைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் கோவில் மணிக்கயிற்றுக் கொக்கியில்தான் மாட்டுவேன். நீ எடுத்துப் போய்த் துவைத்து வைத்திருந்தாய். உனக்குத் தெரிந்திருக்கும் என்று அப்போதே நினைத்தேன். நீயும் பேசவில்லை, எனக்கு வசதியாகப் போயிற்று.

தம்பி

*

கம்பம்,
5.9.1999

அப்பாவுக்கு,

ஜோ எழுதுவது. நான் சுகம் என்று எழுத முடியாது. நீங்கள் சுகமாக இருப்பதாக அத்தை சொன்னார்கள். எனக்குப் பெரிதாக எழுத வராது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று மாதமாக வண்டியில் வைத்திருக்கிறேன். அத்தை வாசித்ததையும் கேட்டேன். இரண்டிலும் ஒரு விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அடி வாங்கியதும் முழங்காலில் நின்றதும் எனக்குப் பெரிசில்லை. திருடன் என்ற பேரும் பெரிசில்லை. வீடு போய்விடக் கூடாது என்று எனக்கும் இருந்தது. உங்களுக்காகச் செய்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனால் அத்தை ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னால் அது தேவதுரோகம். அதற்குப் பிறகு நன்மை வாங்கினால் அது இரண்டாவது தேவதுரோகம். பன்னிரண்டு வயதில் அதை அப்படியே நம்பினேன். செய்யாத பாவத்தைச் செய்தேன் என்று பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய்ச் சொன்னேன். அது பொய்தானே? மறுநாள் திருவிழா, கட்டாயமாக நன்மை வாங்கவைத்தார்கள். விழுங்கும்போது செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அதுதான் நான் கடைசியாக நன்மை வாங்கியது.

அதைச் சரி செய்ய வேண்டுமென்றால் நான் திரும்பிப் போய், "பொய் சொன்னேன்" என்று சொல்ல வேண்டும். "அப்ப குடிச்சது யாரு?" என்று சாமியார் கேட்பார். உங்களைக் காட்டிக் கொடுக்காமல் என் பாவத்தைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் போய்ச் சொல்லிவிட்டால் அப்புறம் நான் போகலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் தொட்டிக்குப் போகிறீர்களா என்று பார்ப்பேன். இரண்டு வருஷம் பார்த்தேன். பிறகு மலைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

94-ல் சொல்லி மன்னிப்பு வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

நான் முதலில் குடித்தது அந்த வருஷம்தான். மலைமேல் கள்ளு ஷாப்பில். அதுவரை தொட்டதில்லை. வண்டிக்காரர்கள் கூப்பிடும்போதெல்லாம் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஒருநாள் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர், "இவன் பன்னெண்டு வயசுலயே பாத்தவன்டா" என்று சிரித்தார். குடிக்காமலே அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு திரிகிறோமே, அது என்னதான் ருசி என்று பார்ப்போம் என்று வாங்கினேன். பிறகு விடவில்லை. இதை உங்கள் தலையில் கட்டுவதற்காக எழுதவில்லை. கிளாசைப் பிடித்தது என் கைதான். அன்னத்தாயக்காவின் கையை உடைத்ததும் நான்தான்.

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு நான் வராதது கோபத்தினால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கோபம் இல்லை, பயம். ஞானஸ்நானத் தொட்டியண்டை நிற்கவைத்து, "பசாசை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்பார்கள். "விட்டுவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். வாயில் வாடையோடு நின்று அதை எப்படிச் சொல்வேன்? கோவிலுக்குள் ஒரு பொய் சொல்லியதே போதும். என் மகளை ஏந்திக்கொண்டு இன்னொன்று சொல்ல மாட்டேன்.

அங்கே படுக்கை ஏதாவது காலியாக இருக்குமா? எழுதுங்கள்.

ஜோ

*

எம்மாவு இல்லம்,
3.10.1999

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உன்னை நல்ல சுகத்தோடு காப்பாராக. முழங்கால் எப்படி? இவாஞ்சலினும் பேத்தியும் எப்படி? நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறோம். ஆமாம், இரண்டு பேரும்.

ஜோ வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். அவன்தான், "எங்கன உக்காரணும்?" என்று கேட்டான்.

சிஸ்டர், "வேணும்னா வேற ஆளு எழுதட்டும் பிலவேந்திரன்" என்றார். ஜோ, "அவுகளே எழுதட்டும்" என்று சொல்லிவிட்டான். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் கை நடுங்கியது, நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தேன்.

பேர் எழுதினேன். ஊர் எழுதினேன். அழைத்து வந்தவர் யார் என்று கேட்டேன். "நானா வந்தேன்" என்றான். குடும்பத்தில் வேறு யாருக்கும் பழக்கம் உண்டா என்ற இடத்தில் கேட்காமலே, 'தகப்பன்' என்று எழுதினேன். அவன் தலைகீழாக அதை வாசித்ததைப் பார்த்தேன்.

இந்தப் படிவத்தில் முதலில் குடித்த வயது மேலே மூன்றாவது வரியில் வரும். அதைத் தாண்டி வந்துவிட்டேன். அவனே விரலை வைத்துக் காட்டினான். "இது விட்டுப்போச்சு" என்றான்.

கேட்கிறதற்கு முன்னால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவன் கடிதத்தின் நகலை உனக்கு அனுப்பியிருந்தேனே, படித்திருப்பாய். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வருஷம் நன்மை வாங்காமல் இருந்திருக்கிறான், என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க. நான் இங்கே ஐந்து வருஷமாகத் தினமும் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் நன்மைக்கு எழுந்து போகவில்லை. சாமியார் அது தேவையில்லை என்கிறார். அவருக்குத் தெரியும், எனக்கும் புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் கால் எழவில்லை. இப்போது ஜோ கடைசி வரிசையில் உட்காருகிறான். நானும் அங்கேயே உட்காருகிறேன். சாமியாரிடம் பேச வேண்டும் என்று நேற்று அவனாகவே சொல்லியிருக்கிறான். அவன் எழுந்து போகிற அன்றைக்கு அவன் பின்னால் போவேன். இந்தத் தடவை அவனைத் தாண்டிப் போக மாட்டேன்.

மூன்று மாதம் இருக்க வேண்டும். தை பிறந்ததும் ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாமா என்று இவாஞ்சலினிடம் அவன் கேட்கச் சொன்னான். நானும் வருவேன். சின்னமனூரில் இறங்காமல் நேராக வருகிற பஸ்ஸில் அவனோடு வருவேன். அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது.

படிவத்துக்கு வருகிறேன். அந்த வரியில் அவன் விரல் இருந்தது. கேட்டேன்.

"மொதல்ல குடிச்ச வயசு?"

கூரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கிணற்றடியில் பார்த்த அதே பார்வை. "பத்தொம்பது" என்றான்.

இலக்கத்தில் எழுதினேன். அது போதும், வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம். ஆனாலும் பக்கத்தில் எழுத்திலும் எழுதினேன்: பத்தொன்பது. கீழே, எழுதியவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

தம்பி பிலவேந்திரன்